எத்தனை நாள் இருப்பீங்க?

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை நம்பவே இந்த நாட்டில் எனக்கு வெகுநாள் ஆயிற்று. ஒரு மாதம் போட்டுத் தேய்த்த செருப்பைக் கொண்டுபோய் வைத்தாலும், கவுன்ட்டரில் நிற்கும் பெண் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பித் தருகிறாள். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பதுகூட அநாகரிகம் போலிருக்கிறது. எங்கள் ஊர் மரக்காணம் பஜாரில் அப்படிச் செய்து பாருங்கள், கடைக்காரர் நம் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வார். செருப்பு, சட்டை, மிக்சி வரைக்கும் நானும் பழகிக்கொண்டேன். ஆனால் எங்கள் தெருவில் டெபி மெக்சிகோவைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் இது வேறு சமாச்சாரம் என்று உறைத்தது.

டெபி எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு, ஒஹாயோ குளிர் எலும்பைத் தின்கிறது என்று சொல்லி மெக்சிகோவில் ஒரு கடலோர ஊருக்குக் குடிபோனாள். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் பார்த்தால், பழையபடி தன் வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வெயில் அருமை, சாப்பாடு அருமை, ஆனால் பக்கத்து வீட்டு நாய்கள் ஓயாமல் குரைத்தன ஹனி. எனக்குப் பொருந்தவில்லை. அடுத்து வேறு ஏதாவது பார்க்க வேண்டும்" என்றாள். புடவைக் கடையில் ஒன்றை உதறிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்வது போல இருந்தது அவள் பேச்சு. நாய் குரைத்ததற்காக ஒரு நாட்டை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டெபி மட்டும் இப்படி என்றால் அவள் குணம் என்று விட்டுவிடலாம். நான் இங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் நாடு மாறுகிற பேச்சுதான். தேர்தல் முடிவு பிடிக்கவில்லையா, போர்ச்சுகல். வீட்டு வரி ஏறிவிட்டதா, கோஸ்டாரிகா. நம் ஊரில் திண்டிவனத்துக்குப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்பார்களே, அந்தத் தொனி. இதில் என்னைத் திகைக்க வைத்தது அவர்களுடைய பாஸ்போர்ட் அல்ல. அந்த நாடு நம்மை உள்ளே விடுமா என்ற கேள்வி அவர்கள் யாருக்குமே தோன்றுவதில்லை என்பதுதான். சும்மா சொல்லக்கூடாது, எல்லோருக்கும் எல்லா நாடும் திறந்துவிடுவதில்லை. கூட வேலை செய்யும் ஒருத்திக்கு நியூசிலாந்தில் வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவள் முகம். பாவமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம், ஒரு துளி, சந்தோஷமாகவும் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

என் அம்மாவின் பெயர் அஞ்சலை. மரக்காணத்தில் உப்பளத்து வேலை. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார், நான் ஒரே பெண். அம்மா உப்பு வாரித்தான் என்னைப் படிக்க வைத்தாள் என்று எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள், அதனால் அதை இங்கே நீட்டப் போவதில்லை. எனக்குக் குழந்தை பிறந்தபோதே அவளை இங்கே கூட்டி வரப் பார்த்தேன். அமெரிக்கா வருகிறவர்கள் சென்னையில் விசா கேட்டுப் போகிற இடத்தில் ஒரு சன்னல் உண்டு. அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நாம், பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருவர். அந்தச் சன்னலில் நிற்கிறவர் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் கதை முடிந்தது. போவதற்கு முன்னால் போனில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். வீடு இருக்கு, சொந்தக்காரங்க இருக்காங்க, உப்புக் காலம் தொடங்குறதுக்குள்ள திரும்பிடுவேன்னு சொல்லு என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

சன்னலில் முதல் கேள்வி, எத்தனை நாள் இருப்பீங்க. அம்மா சொன்ன பதில் இது: "எம் பொண்ணு எப்ப போன்னு சொல்லுதோ அப்ப வர்றேங்க." நம் ஊரில் மகள் வீட்டுக்குப் போகிற எந்தத் தாயும் இதைத்தான் சொல்வாள். இத்தனை நாள் இருப்பேன் என்று அவளே கணக்குச் சொன்னால் மகளுக்குப் பாரமாகப் போகிறாள் என்று அர்த்தம், சீக்கிரம் வந்துவிடுவேன் என்றால் மகள் வீடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த கேள்வி, ஊர்ல உங்களுக்கு யாரெல்லாம் இருக்காங்க. "எனக்கு யாருங்க இருக்கா? எல்லாமே எம் பொண்ணுதான்" என்றிருக்கிறாள். கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டாளாம். அந்த மொழிபெயர்ப்பாளரும் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார். முடிந்தது. கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் போனில் கத்தினேன். அவ்வளவு சொல்லிக் கொடுத்தேனே, ஏழுமலை இருக்கான், சித்தி இருக்காங்க, தெருவே இருக்குதுன்னு சொல்றதுக்கு என்ன என்று கேட்டேன். ஏழுமலை என் சித்தப்பா மகன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், அம்மாவுக்கு எல்லா உதவியும் அவன்தான்.  அம்மாவோ, "அவங்க உன்னைப் பத்திக் கேக்குறாங்க. எனக்கு நெறய பேரு இருக்காங்கன்னு சொன்னா, நீ இல்லன்னாலும் பரவால்லன்னு சொன்ன மாதிரி ஆவாதா? பெத்த பொண்ண அப்படி எப்படிம்மா சொல்றது?" என்றாள்.  இரண்டு வருடம் கழித்து இன்னொரு முறை போனாள். அந்த முறை சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள், வேறு ஒரு அதிகாரி, ஏற்கெனவே மறுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார். சென்னையிலிருந்து திரும்பும் பேருந்தில் ஏழுமலை போனைக் கொடுத்தான். "உடு, அவங்க நாடு, அவங்க இஷ்டம்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மூன்றாம் முறை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

டெபிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டபடி கேட்பாள், கேட்டுவிட்டு, "ஆனால் ஏன்? வெறுமனே பார்க்கத்தானே வருகிறார்கள்?" என்பாள். நான் விளக்குவேன். அவள் மறுபடி, "ஆனால் ஏன்?" என்பாள். அவளுக்குப் புரியவில்லை என்பதைவிட, புரிந்துகொள்ள அவளிடம் எந்த அனுபவமும் இல்லை என்பதுதான் சரி. ஒருநாள் நான் அம்மா அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். உப்பளம், தூரத்தில் கழுவெளி ஏரிப் பக்கம் பறவைகள், பின்னால் கடல் காற்று இரையும் சத்தம். டெபி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே நாய்கள் குரைக்குமா என்று கேட்டாள். குரைக்கும் என்றேன். பரவாயில்லை என்றாள். எங்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே, நிலக்கடலையை ஒரு கையால் தின்றுகொண்டு, மறு கையால் போனில் இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தாள். என் மகள் நிலாதான் அவளைச் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் விசா வந்துவிட்டது. புல்வெளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நானும் கையசைத்தேன். உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. என் அம்மாவுக்குத் திறக்காத கதவு இவளுக்கு என் ஊர்ப் பக்கமாகத் திறக்கிறதே என்று எரிந்தது.

டெபி மரக்காணத்துக்குப் பக்கத்தில் கீழ்புத்துப்பட்டில், ஈ.சி.ஆர். சாலையை ஒட்டி ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாட்டைவிட்டு வெளியே போய் வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்கு இலங்கைக்குப் போய் நாலு நாள் கடற்கரையில் படுத்துவிட்டுத் திரும்பினாள். ஸ்கூட்டர் வாங்கினாள். எங்கள் அம்மாவைத் தேடிக்கொண்டு போன முதல் நாளே அவள் பெயர் மாறிவிட்டது. டெபி என்று அவள் சொன்னது அம்மாவுக்குத் தேவி என்று காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து தெருவுக்கே அவள் தேவியம்மா. "தேவி வந்துச்சு, மீன் கொழம்பு சாப்ட்டுச்சு, காரம் தாங்காம மூக்குல தண்ணியா ஊத்துச்சு" என்று அம்மா போனில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து உப்பளத்துக்கு வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் தலைமுறையாக இருக்கிறது, அவர்களை இன்றைக்கும் 'பொழைக்க வந்தவங்க' என்றுதான் சொல்வார்கள். தேவியம்மாவை அப்படி ஒருவரும் சொல்லவில்லை. ஒஹாயோவில் நான் யார் என்று ஒருவர் கேட்டால், அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். பிழைக்க வந்தவள்.

ஒரு காலையில் டெபி உப்பளத்தில் இறங்கி, பலகையைப் பிடித்து உப்பு வாரிப் பார்த்தாள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, மனதுக்கு அவ்வளவு அமைதி என்று எழுதியிருந்தாள். அமைதியாம். நான் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு ஊரில் பொழுது சாய்ந்ததும் அம்மா கூப்பிட்டாள். "கலா, தேவி பாவம், காலு ரெண்டும் செவந்து போச்சு. நான் எண்ணெ தடவி உட்டேன். கொழந்த மாதிரி உக்காந்துனு இருக்குது" என்றாள். எத்தனையோ வருடமாக அம்மா கால் அப்படித்தான் இருக்கிறது, அதற்கு யார் எண்ணெய் தடவினார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஏனென்றால் அந்த ஒரு வருடத்தில்தான் அம்மாவுக்கு என் வீடு தெரிந்தது. டெபியிடம் அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போனில் மொழிபெயர்க்கும் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். "உங்க வூட்டு வாசப்படி பனியில வழுக்குமாமே, பாத்து எறங்கு." "உன் அடுப்பங்கர ஜன்னல்ல இருந்து பாத்தா மரம் தெரியுமாமே, எலையெல்லாம் செவப்பா ஆவுமாமே." "நிலா இஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடும்போது சாக்ஸ் ஒண்ணு ஒண்ணு வேற கலரா போட்டுனு போவுதாமே." இவ்வளவு வருடம் வாரந்தோறும் பேசியும் இதில் எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அம்மா என் வீட்டுக்கு வந்துபோனது டெபியின் கண் வழியாகத்தான்.

பிறகு அம்மாவின் காலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு, உப்புத் தண்ணீரில் நின்ற கால். கிருமி உடம்பில் ஏறிவிட்டது என்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெபிதான் கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள், ஏழுமலை கூட இருந்தான். நான் உடனே கிளம்புகிறேன் என்றேன். இங்கே ஒரு விஷயத்தை ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், என்னைப் போல வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே இருந்து வேலை செய்ய எனக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகிவிட்டது. உள்ளேயே இருக்கும் வரை ஒன்றும் இல்லை. வெளியே கால் வைத்தால், அதே சென்னை, அதே சன்னல், புது விசா ஒட்டினால்தான் திரும்பலாம். அந்த நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும், கிடைத்த தேதியையும் தள்ளிப் போடுகிறார்கள். அதுவரை வேலை காத்திருக்காது. என் கணவர் சேகரும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறார். என் வேலை போனால் வீடு போகும், எல்லாம் போகும். எங்கள் வீட்டிலேயே நினைத்த நேரத்தில் போய் நினைத்த நேரத்தில் திரும்பக் கூடியவள், இங்கே பிறந்த நிலா ஒருத்திதான். அவளுக்கு நாலாம் வகுப்பு.

டெபி போனில், "நீ ஏன் வராமல் இருக்கிறாய்? விமானத்தில் ஏறு, அவ்வளவுதானே" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், பாஸ்போர்ட், விசா, சன்னல், வேலை என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அவளிடம் கொட்டினேன். கொட்டிவிட்டு, என்ன ஆனாலும் சரி, வருகிறேன் என்றும் சொன்னேன். சேகரும் சரி போ, பார்த்துக்கலாம் என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். டிக்கெட் பார்த்துவிட்டேன், பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவே கூப்பிட்டாள்.

"கலா, நீ வந்தியானா திரும்பப் போவ முடியாதாமே. தேவி சொல்லுச்சு."

அது அப்படியெல்லாம் இல்லம்மா, நான் பாத்துக்கறேன் என்றேன்.

"வராத. எனக்கு இன்னா ஆச்சு இப்போ? டாக்டரு பரவால்லன்னு சொல்லிட்டாரு. புண்ணு ஆறுனா வூட்டுக்குப் போறேன். புள்ள படிப்பக் கெடுத்துக்கினு வராத. தேவி கூடவே இருக்குது."

"அம்மா, நான் வர்றேன்."

"வராதன்னு சொல்றேன் இல்ல? எம்மேல ஆணை."

ஆணை என்று அவள் அதற்கு முன்னால் எனக்கு வைத்ததே இல்லை. டெபியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவளும், டாக்டர் 'ஸ்டேபிள்' என்று சொன்னார், கவலைப்படாதே என்றாள். ஏழுமலையும், பரவால்லக்கா, முகம் தெளிவாத்தான் இருக்குது என்றான். மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அவர்களுக்குத் தெரிந்த உண்மையை. பெட்டியைக் கட்டில் மேலிருந்து இறக்கவில்லை, டிக்கெட்டையும் வாங்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சன்னலில் இருந்த இரண்டு அதிகாரிகள் அம்மாவை மறுத்தார்கள் என்றால், அம்மா என்னை மறுத்துவிட்டாள். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பிக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை கூப்பிட்டான். அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கால் தானாக பிரேக்கை விட்டுவிட்டது போலிருக்கிறது, கார் மெல்ல உருண்டு தபால் பெட்டியில் இடித்து நின்றது.

சாவை நான் போனில் பார்த்தேன். ஏழுமலையின் நண்பன் ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான். பந்தல், பறை, நாற்காலிகள், அம்மாவின் நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய். சித்தி மார்பில் அடித்துக்கொண்டு, உம் பொண்ணு வரலயேடி அஞ்சல என்று ஒப்பாரி வைத்தாள். அது என்னைக் குத்துவதற்கு அல்ல, ஒப்பாரியில் அப்படித்தான் பாடுவார்கள் என்று தெரியும். தெரிந்தும் தாங்க முடியவில்லை. டெபி ஒரு ஓரமாக, கசங்கிய பருத்திப் புடவையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு நின்றாள். பாடை கிளம்பியது. நம் பக்கத்தில் பெண்கள் தெருமுனை வரைதான் போவார்கள், அங்கே விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும். தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். டெபி நிற்கவில்லை. அவளுக்குத் தெரியாது. ஆண்களோடு சேர்ந்து அவள்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தாள். யாரோ ஒரு பெரியவர், ஏம்பா, அந்தம்மா வருதே என்றார். இன்னொருவர், "உடுப்பா, வெள்ளக்காரங்க, அவங்களுக்கு இன்னா தெரியும். வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அவள் போனாள். ஏழுமலை கொள்ளி வைத்தபோது பக்கத்தில் நின்றாள்.

நான் அங்கே இருந்திருந்தாலும் தெருமுனையோடு நின்றிருப்பேன். பெற்ற மகள், ஒரே மகள், என்னை வரட்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உலகத்தில் எல்லாக் கதவும் ஒருத்திக்குத் திறக்கிறது என்றால், கடைசியில் சுடுகாட்டுக் கதவுமா திறக்க வேண்டும்? அன்றைக்கு டெபி மேல் எனக்கு இருந்ததைப் பொறாமை என்று சொன்னால் அது சின்னச் சொல். அதே சமயம், அம்மாவைத் தனியாக விடாமல் கடைசி வரை ஒரு பெண் கூடப் போனாள் என்பது எனக்கு அவ்வளவு பெரிய ஆறுதலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்க முடியும் என்று கேட்காதீர்கள். இருந்தது.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து, கடும் பனிக்காலத்தில் டெபி ஒஹாயோ வந்தாள். தன் வீட்டை விற்கிற வேலையாக வந்திருந்தாள், அவளுக்கு இனி மரக்காணக் கரைதான் ஊர். விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கைப்பையைத் திறந்து, ஸ்வெட்டரில் சுற்றிய ஒரு சின்ன மண் கலயத்தை எடுத்தாள். வாய் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன் அம்மாவை அழைத்து வந்திருக்கிறேன்" என்றாள்.

பால் தெளித்த அன்று எடுத்த சாம்பலை ஏழுமலை கடலில் கரைத்தான் என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சத்தை டெபி கேட்டு வாங்கியிருக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அவனும் கொடுத்திருக்கிறான், என்னிடம் சொல்லப் பயந்து விட்டுவிட்டான். டெபி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். விமான நிலையத்தில் அதிகாரி இது என்ன என்று கேட்டாராம். "என் தோழியின் அம்மா, மகள் வீட்டுக்குப் போகிறார்கள்" என்றாளாம். அவர் தொப்பியைத் தொட்டு, வருந்துகிறேன் மேடம் என்றாராம். பிறகு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, "வெல்கம் ஹோம்" என்றாராம். "உன் அம்மாவையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டேன்" என்று டெபி சொல்லி முடித்தபோது அவள் கண்ணிலும் தண்ணீர். நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவளை அடிக்கவும் தோன்றியது. கட்டிக்கொண்டு அழுதேன்.

சேகர் தமிழில், குரலைத் தாழ்த்தி, "கலா, இத உள்ள வைக்கக் கூடாது" என்றார். எனக்குத் தெரியாதா? சாம்பல் வீட்டுக்குள் வராது. ஊராக இருந்தால் அன்றைக்கே கடலுக்குப் போயிருக்கும், தாமதமானால் வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதை டெபியிடம் சொல்லவில்லை, சொல்லி அவள் முகத்தை வாடவைக்க முடியவில்லை. அவள் போன பிறகு கலயத்தை இரண்டு கையாலும் எடுத்து, அடுக்களைக் கதவைத் திறந்து கார் நிறுத்தும் கராஜுக்குக் கொண்டுபோனேன். பனி வாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது, அதில் வைத்தேன். இங்கே கரைக்கலாம் என்றால் இருப்பது ஈரி ஏரி, அது கரையோரம் கல்லாக உறைந்து கிடக்கிறது. பங்குனி பிறந்தால்தான் தண்ணீராகும் என்றார்கள்.

கராஜில் வெப்பம் கிடையாது. என் அம்மா குளிரே அறியாதவள். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறவள். காலையில் நிலா பள்ளிக்குக் கிளம்பும்போது கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஆயா ஏன் கராஜ்ல இருக்காங்க? நாம உள்ள விடலையா?" என்று கேட்டாள். பஸ் வந்துடும், ஓடு என்றேன்.

இப்போதெல்லாம் தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் அடுக்களைக் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, அந்த வாசற்படியில் டீயோடு உட்காருகிறேன். முதுகுக்குப் பின்னால் அடுப்பின் சூடு, கால் இரண்டும் கராஜின் சிமெண்டுத் தரையில் விறைத்துப்போகும். வீட்டுச் சூடெல்லாம் வெளியே போகிறதே என்று சேகர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அம்மாவிடம் அன்றைய சமாச்சாரத்தைச் சொல்வேன். பனி விழுந்தது, நிலாவுக்குப் பல் விழுந்தது, சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. சொல்லி முடித்ததும் உள்ளே வாம்மா என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை. மகள் வீடாகவே இருந்தாலும், கூப்பிடாமல் உள்ளே வருகிறவள் இல்லை என் அம்மா.